செவ்வாய்க்கிழமை மூன்று மணி

9

கோபம் வந்தால் எனக்குப் பசிக்கும். ராசிபுரத்தைத் தாண்டுவதற்குள் ஒரு தட்டுவடை செட்டும் இரண்டு முட்டை போண்டாவும் உள்ளே போய்விட்டன. அப்படியும் அடங்கவில்லை.

"காருக்கு டீசல் போட்டாச்சு குமரகுரு. உனக்கு இன்னும் எவ்வளவு போடணும்?" என்றார் சௌந்திரம் மேடம்.

"என் டேங்க் கொஞ்சம் பெருசுங்க மேடம்."

மேடம் சிரிக்கவில்லை. அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு புடவைக் கடையின் மாடியில் துப்பறியும் ஆபீஸ் போடுவதற்கு முன், அவர் நொறுங்கிய லாரிகளைப் பார்த்து, நிஜமான விபத்தா, பணத்துக்காக மோதியதா என்று இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவர். மனிதர்கள் சொல்வதைவிட நசுங்கிய தகரம் சொல்வதைத்தான் அதிகம் நம்புவார். நான் அவருடைய உதவியாளன். கார் ஓட்டுவது, டீ வாங்குவது, வாயை அடக்காமல் இருப்பது, இந்த மூன்றும் என் இலாகா.

பின் சீட்டில் மோகனப்பிரியா உட்கார்ந்திருந்தாள். ராசிபுரத்துத் தறிக்காரக் குடும்பத்துப் பெண். நாமக்கல்லைத் தாண்டி எருமப்பட்டி ரோட்டில் இருக்கும் பொன்னாச்சி ஃபீட்ஸ் என்ற கோழித் தீவன ஆலையில் சாஃப்ட்வேர் மொத்தமும் அவள் ஒருத்தி எழுதியது. அந்த ஆலையே இன்றைக்கு அவள்மேல் போலீசில் புகார் கொடுக்கப் போகிறது. அழ வேண்டியதையெல்லாம் காலையில் எங்கள் ஆபீசிலேயே அழுது முடித்துவிட்டாள். இப்போது ஜன்னல் பக்கம் பார்த்தபடி துப்பட்டா நுனியை முறுக்கிக்கொண்டு வந்தாள்.

விஷயம் இதுதான். எருமப்பட்டி ராஜம்மாளின் பண்ணையில் பொன்னாச்சி தீவனம் தின்ற கோழிகள் கொத்துக் கொத்தாகச் செத்தன. ஈர மக்காச்சோளத்தில் பூஞ்சை பிடித்தால் நஞ்சு ஏறும் என்பது கோழி வளர்க்கும் எல்லோருக்கும் தெரியும். ஆலையில் ஒரு லேப் இருக்கிறது. ஒவ்வொரு லோடையும் சோதித்து, முடிவை டேட்டாபேஸில் ஏற்றிய பிறகுதான் லாரி வெளியே போகும். அந்த முடிவைக் காட்டுங்கள் என்று ராஜம்மாள் கோர்ட்டுக்குப் போனார். கோர்ட்டும் காட்டு என்றது. காட்டு என்ற அதே வாரம் டேட்டாபேஸ் போய்விட்டது.

எங்கள் இன்ஜினியர் பெண் கவனக்குறைவாக அழித்துவிட்டாள், பேக்கப்பும் வைக்கவில்லை என்று ஆலை கையை விரித்தது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். பழியை இறக்கி வைக்க ஒரு தலை வேண்டும் அல்லவா? சம்பளத்துக்கு வேலை பார்ப்பவளின் தலை வாகாகக் கிடைத்தது.

"இன்னொரு தடவை சொல்லும்மா," என்றார் மேடம். "என் உதவியாளனுக்கும் புரியற மாதிரி சொல்லு."

மோகனப்பிரியா முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். "கிளவுட் கம்பெனிகிட்ட டேட்டாபேஸ வாடகைக்கு எடுக்கறதுங்க மேடம். மெஷின் அவங்களது, பராமரிப்பும் அவங்களது. ஆரம்பிக்கறப்ப மட்டும் ஒரு பக்கத்துல நெறையக் கேள்வி கேப்பாங்க. எந்த ஊர்ல வெக்கறது? பேக்கப் எத்தன நாளைக்கு? ஒரு மெஷின் படுத்துட்டா இன்னொண்ணு தயாரா நிக்கணுமா? கை தவறி அழிச்சுடாம இருக்கப் பூட்டு வேணுமா? வாரத்துல எப்ப நிறுத்தி ரிப்பேர் வேல பாக்கறது? இதுக்கெல்லாம் நாம பதில் சொன்னாத்தான் டேட்டாபேஸ் பொறக்கும்."

"கல்யாண மண்டபம் பேசற மாதிரின்னு சொல்லு," என்றேன். "ஏசி வேணுமா, ஜெனரேட்டர் வேணுமா, பாத்திரம் உங்களுதா எங்களுதா."

"அதேதானுங்ண்ணா. நான் பேக்கப் ஒரு மாசத்துக்கு வெச்சேன். பூட்டும் போட்டேன். எங்கப்பா தறிப் பட்டறைக்கே ரெண்டு பூட்டுப் போடற ஆளு. நான் போடாம இருப்பனுங்களா?"

"ஆனா லாகின் உன் பேர்ல இருக்கு," என்றார் மேடம்.

"ஆபீஸ் மொத்தத்துக்கும் அந்த ஒரே லாகின்தானுங்க. பாஸ்வேர்டு எங்க முதலாளி பெரியவரோட குலதெய்வம் பேரு. ஆளாளுக்குத் தனியா வெச்சுக்கலாம்னு நான் எத்தனையோ தடவ சொன்னேன். 'நாமெல்லாம் ஒரே குடும்பம் அம்மிணி, குடும்பத்துக்குள்ள எதுக்குத் தனித்தனிச் சாவி'ன்னு பெரியவர் சொல்லிட்டாரு. டேட்டாபேஸ் போன அன்னிக்கே பாஸ்வேர்ட மாத்திட்டாங்க. இப்ப என் பேர்ல இருக்கற கதவ நானே தெறக்க முடியல."

ஒரே குடும்பமாம். சம்பளம் கூட்டிக் கேட்டால் வேலைக்காரி, பழி சுமக்க ஆள் தேவைப்பட்டால் குடும்பத்துப் பெண். நான் ஓங்கி ஹாரன் அடித்தேன். எதிரே ஒரு வண்டியும் இல்லை.

"கிளவுட் கம்பெனியையே கேட்டா யார் என்ன பண்ணாங்கன்னு சொல்ல மாட்டாங்களா மேடம்?"

"சொல்லுவாங்க. கோர்ட் உத்தரவு போகணும், அவங்க வக்கீல் பார்க்கணும், அப்புறம் பதில் வரணும். அதுக்குள்ள இந்தப் பொண்ணு உள்ள போய், பேரு நாறி, அப்பா தறியை வித்து வக்கீலுக்குக் கொடுத்து முடிச்சிருப்பார். இன்னிக்கே ஏதாவது கிடைக்கணும் குமரகுரு."

ஆலை வாசலில் லாரிகள் வரிசையாக நின்றன. தவிட்டு வாசனையும் கருவாட்டுத் தூள் நாற்றமும் மூக்கில் ஏறின. வாசலை ஒட்டி லாரிகளை எடைபோடும் வெயிட் பிரிட்ஜ். கண்ணாடி அறைக்குள் ஒருவர் உட்கார்ந்து ஒவ்வொரு லாரிக்கும் கேட் பாஸ் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். எங்களைப் பார்த்ததும் மோகனப்பிரியாவுக்கு மட்டும் கை தூக்கி வணக்கம் வைத்தார்.

"அம்மாசி அண்ணன்," என்றாள் அவள். "இந்த வாரத்துல எனக்கு வணக்கம் வெச்ச ஒரே ஆளுங்க."

முதலாளி அறை குளிர்ந்திருந்தது. வெள்ளியங்கிரி எழுந்து நின்று வரவேற்றார். வெள்ளைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு, பார்த்தால் கால் தொட்டுக் கும்பிடலாம் போன்ற முகம். பக்கத்தில் அவருடைய மருமகன் தீனதயாளன், ஆலையின் ஜெனரல் மேனேஜர். மூலையில் சப்-இன்ஸ்பெக்டர் காளியப்பன் இளநீரில் ஸ்ட்ரா போட்டு உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. வெயில்ல வந்திருக்கீங்க, மோர் குடிங்க," என்ற வெள்ளியங்கிரி, மோகனப்பிரியா பக்கம் திரும்பினார். "சாமி, நீ ஏன் நிக்கற? உக்காரு. மத்தியானம் சாப்டியா?"

ஜெயிலுக்கு அனுப்பப் போகிற பெண்ணிடம் சாப்பாட்டு விசாரணை. ஆடு நனைகிறதே என்று ஓநாய் அழுத கதைதான். எனக்கு வந்த மோரை நான் தொடவில்லை. பசியிருந்தும் தொடவில்லை என்பதை இங்கே குறிப்பிட விரும்புகிறேன்.

தீனதயாளன் புகார்த் தாளை மாமனார் முன் தள்ளினார். "கையெழுத்துப் போடுங்க மாமா. சார் வேற வெயிட் பண்றார்."

வெள்ளியங்கிரி பேனா மூடியைக் கழற்றினார். சுவர்க் கடிகாரத்தை ஏறிட்டுப் பார்த்தார். மூடியைத் திரும்ப மாட்டினார்.

"மூணு அடிக்கப் போகுது மாப்ள. ராகு காலம். நாலரைக்கு மேல போடறேன்."

"மாமா, போலீஸ் கம்ப்ளெயின்ட்டுக்கெல்லாமா ராகு காலம் பார்ப்பாங்க?"

"பாக்காம? என்ற ஆலையில ராகு காலத்துல ஒரு வண்டி வெளிய போனதில்ல, ஒரு கையெழுத்து விழுந்ததில்ல. இன்னிக்கு மட்டும் மாத்தச் சொல்றீங்களா?"

காளியப்பன் இளநீரை உறிஞ்சி முடித்துவிட்டு, வழுக்கை இருக்கிறதா என்று உள்ளே எட்டிப் பார்த்தார். ஆக, எங்களுக்கு ராகு புண்ணியத்தில் ஒன்றரை மணி நேரம் கிடைத்தது. ஊரெல்லாம் கெட்டவன் என்று திட்டும் கிரகம், அந்த அறையில் அவன் ஒருத்தன்தான் எங்கள் கட்சி.

"கம்ப்ளெயின்ட்டோட என்ன ஆதாரம் வெச்சிருக்கீங்க?" என்று மேடம் கேட்டார்.

தீனதயாளன் ஒரு தாளை நீட்டினார். "செத்துப்போன டேட்டாபேஸோட விவரம். அழிஞ்சதைப் பார்த்ததும் பிரின்ட் எடுத்து வெச்சேன். உருவாக்கும்போது இந்தப் பொண்ணு தேர்ந்தெடுத்ததெல்லாம் இதுல இருக்கு. பாருங்க. பேக்கப், இல்லை. அழிக்காம இருக்கற பூட்டு, இல்லை. நல்லா இருக்கா? அஞ்சாங்கிளாஸ் பையன்கூட டிக் பண்ணுவான்."

"நான் அப்படி வெக்கலீங்க," என்றாள் மோகனப்பிரியா.

"உன் லாகின்ல இருக்கேம்மா."

"உங்க எல்லார் லாகினும் அதானுங்களே."

மேடம் தாளை வெளிச்சத்தில் பிடித்தார். "மேல் பகுதி வரலியே? எப்போ உருவாச்சுங்கற தேதி அங்கதானே இருக்கும்?"

"பிரின்டர்ல கட் ஆயிடுச்சு."

"பிரின்டருக்கு நல்ல புத்திங்க," என்றேன் நான். "எதைக் கட் பண்ணணும்னு தெரிஞ்சு வெச்சிருக்கு."

தீனதயாளன் என்னை முறைத்தார். நானும் முறைத்தேன். முறைப்பதில் எனக்கு அனுபவம் அதிகம்.

"டேட்டாபேஸ் செத்துப்போச்சுன்னா வாசல்ல கேட் பாஸ் எப்படி அடிக்கறாங்க?" என்று மேடம் கேட்டார்.

"வெயிட் பிரிட்ஜைத் தனியாப் பிரிச்சு விட்டுட்டேன். அந்தக் கம்ப்யூட்டருக்குள்ளயே பதிஞ்சு ஓடுது. இப்ப அதுக்கும் எந்த டேட்டாபேஸுக்கும் ஒட்டுமில்ல, உறவுமில்ல. கேஸ் விஷயத்தைக் கேளுங்க மேடம்."

"ஒரு பொண்ணோட வாழ்க்கையில மண்ணள்ளிப் போட்டுட்டு, ஏசி ரூம்ல உக்காந்துக்கிட்டு..." என்று நான் ஆரம்பித்தேன்.

"குமரகுரு," என்றார் மேடம். "வெளிய போய் ஒரு டீ குடி. வெயிட் பிரிட்ஜ்ல அந்த அம்மாசிகிட்ட கொஞ்ச நேரம் பேசிட்டு வா."

சின்னப் பையனை வகுப்பை விட்டு வெளியே அனுப்புவதுபோல அனுப்பிவிட்டார். போகும் வழியில் ஒரு தவிட்டு மூட்டையை உதைத்தேன். கால்தான் வலித்தது.

வாசலில் லாரிகள் என்ஜினை அணைத்துவிட்டு நின்றன. டிரைவர்கள் வேப்பமரத்தடியில் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். கண்ணாடி அறைக்குள் அம்மாசி கம்ப்யூட்டரைப் பார்த்தபடி பல் குத்திக்கொண்டிருந்தார். திரையில் ஒரு சின்ன வட்டம் சுற்றிச் சுற்றி வந்தது.

"என்னங்கண்ணா, மெஷின் செக்கு மாடு மாதிரி சுத்துது?"

"அது அப்படித்தானுங்க. செவ்வாக்கெழம மூணு மணி ஆச்சுன்னா இதுவும் படுத்துக்கும். ஒரு டீ குடிச்சிட்டு வாரதுக்குள்ள எந்திரிச்சுக்கும்."

"எல்லாச் செவ்வாயுமா?"

"எல்லாச் செவ்வாயுந்தானுங்க. பெரியவரோட சேர்ந்து சேர்ந்து மெஷினும் ராகு காலம் பாக்கப் பழகிக்கிச்சு."

நான் வாய்விட்டுச் சிரித்தேன். அன்று முழுக்க வந்த ஒரே சிரிப்பு. அவர் தன் டீயில் பாதியை ஊற்றிக் கொடுத்தார். குடித்துவிட்டு, கோபத்தைத் தேடி எடுத்துக்கொண்டு திரும்பினேன்.

அறையில் வெப்பநிலை மாறியிருந்தது. மேடம் தாளில் ஒரு வரியின்மேல் விரலை வைத்திருந்தார்.

"ரிப்பேருக்கு நிறுத்தற நேரம், செவ்வாய், பதினஞ்சு மணி. அதாவது மத்தியானம் மூணு. இதை நீ வெச்சியாம்மா?"

"செவ்வாக்கெழம மூணு மணிதானுங்க வெச்சேன்," என்றாள் மோகனப்பிரியா. "ராகு காலத்துல ஒரு வண்டியும் போகாது. அப்ப நிறுத்தினா யாருக்கும் இடைஞ்சல் இல்ல. இருக்கற நாள்லயே செவ்வாக்கெழம மத்தியானம் லேப்லயும் வேல கம்மி. ரிப்பேர் வேல எல்லா வாரமும் இருக்காதுங்க. அதனால அதே நேரத்துல வாரா வாரம் ஒருக்கா நிறுத்தி எழுப்பச் சொல்லியும் வெச்சேன்."

"பார்த்தீங்களா?" தீனதயாளன் நாற்காலியில் சாய்ந்தார். "அவளே ஒத்துக்கறா. தாள்ல இருக்கறது அவ வெச்சதுதான்."

"ஆனா நான் பதினஞ்சுன்னு போடலீங்க. ஒன்பதரைன்னு போட்டேன்."

காளியப்பன் முதல் முறையாக நிமிர்ந்தார். "என்னம்மா, மூணு மணிக்கு ஒன்பதரைன்னு போடுவியா?"

"அந்தப் பக்கத்துல கேக்கறது உலக நேரம் சார். நம்ம நேரத்துக்கு அஞ்சர மணி நேரம் பின்னால. நமக்கு மூணுன்னா அங்க காலைல ஒன்பதரை. பதினஞ்சுன்னு போட்டா நமக்கு ராத்திரி எட்டரைக்குத்தான் நிக்கும்."

மேடம் தாளை மேஜையில் வைத்தார். "டேட்டாபேஸே தொழிலா வெச்சிருக்கறவங்க இந்தத் தப்பைப் பண்ண மாட்டாங்க. செவ்வாய் மூணு மணின்னு காதால கேட்டு மட்டும் வெச்சிருக்கற ஒருத்தர்தான் பதினஞ்சுன்னு போடுவார். அசல் மாதிரியே இன்னொண்ணைப் புதுசா உருவாக்கி, பேக்கப்பையும் பூட்டையும் மட்டும் எடுத்துட்டு, அந்தப் போலியை அழிச்சிருக்காங்க. இந்தத் தாள் அந்தப் போலியோடது."

எனக்கு விசிலடிக்கலாம் போலிருந்தது. ஆனால் தீனதயாளன் அசரவில்லை. சிரித்தார்.

"கதை நல்லா இருக்கு மேடம். ஆனா எனக்கு ஒண்ணுதான் தெரியுது. இந்தப் பொண்ணு நேரத்தைத் தப்பாப் போட்டிருக்கா. பேக்கப்பை மறந்தா, பூட்டை மறந்தா, நேரத்தையும் மறந்தா. கவனக்குறைவுன்னுதானே நாங்களும் சொல்றோம்? இதையும் கம்ப்ளெயின்ட்ல சேர்த்துக்குங்க சார்."

காளியப்பன் நிஜமாகவே குறிப்பெடுத்தார். மேடம் அதே தாளைத் திரும்பவும் கையில் எடுத்தார். எனக்குத் தெரியும், பார்த்ததையே அவர் திரும்பப் பார்த்தால் சொல்ல வேறொன்றுமில்லை என்று அர்த்தம். அவர் கண்டுபிடித்ததையே வாங்கி அந்தப் பெண்ணின் கழுத்தில் மாட்டிவிட்டான் பாவி.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை.

"ஏங்க, மனுசங்களா நீங்க?" என்று கத்தினேன். "வெளிய அந்த வெயிட் பிரிட்ஜுக்கு இருக்கற நாணயம்கூட உங்களுக்கு இல்லியே! செவ்வாய் மூணு மணின்னா அது ஒழுங்காப் படுத்து ராகு காலம் பாக்குது. நீங்க ராகு காலத்துலயும் உக்காந்து பொய் சொல்றீங்க!"

மேடம் மெல்லத் திரும்பினார்.

"என்ன சொன்னே?"

"கோபத்துல சொல்லிட்டேன், மன்னிச்சிருங்க மேடம்."

"அது இல்ல. வெயிட் பிரிட்ஜ் என்ன பண்ணுதுன்னு சொன்னே?"

"மூணு மணிக்குப் படுத்துக்கிச்சு. எல்லாச் செவ்வாயும் படுத்துக்குமாம். ராகு காலம் பாக்குதுன்னு அம்மாசி அண்ணன் சொன்னார்."

"இன்னிக்கா படுத்துச்சு?"

"இப்பத்தான் பார்த்துட்டு வர்றேன். சுத்திக்கிட்டே இருந்துச்சு."

எனக்குப் புரிவதற்கு ஒரு விநாடி முன்னால் தீனதயாளனுக்குப் புரிந்துவிட்டது. அவர் கை மேஜையில் இருந்த செல்போனை நோக்கிப் போயிற்று.

"போனை வைங்க," என்றார் மேடம். "ஒட்டுமில்ல, உறவுமில்லன்னு சொன்னீங்களே தீனதயாளன்? தனியா ஓடற வெயிட் பிரிட்ஜ், இந்தப் பொண்ணு குறிச்ச நேரத்துக்கு எதுக்கு மூச்சு நிறுத்தணும்? செத்தவங்க யாரும் செவ்வாய்க்குச் செவ்வாய் தூங்கி எந்திரிக்கறதில்ல. சப்-இன்ஸ்பெக்டர் சார், இவங்க டேட்டாபேஸ் சாகவே இல்ல. இத்தனை நாளா அதை வெச்சுத்தான் லாரி போயிட்டு வருது. அதுவும் ராத்திரி எட்டரைக்கு இல்ல, மத்தியானம் மூணுக்குத்தான் படுக்குது. இவ வெச்ச நேரம்."

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இவர்கள் மறைத்துவிட்டு அந்தச் சோற்றையே தினம் தின்றுகொண்டிருந்தார்கள்.

"இது சும்மா நெட் பிரச்சினை சார்," என்றார் தீனதயாளன்.

"அப்ப வாங்க, பாத்துடலாம்," என்று காளியப்பன் எழுந்தார். இளநீர்க் கடன் தீர்ந்துவிட்டது போலும்.

எல்லோரும் வெயிலில் இறங்கி நடந்தோம். பெரியவரும் வந்தார், துண்டைத் தோளில் சரிசெய்தபடி. கண்ணாடி அறையில் வட்டம் நின்று திரை பழையபடி விழித்திருந்தது. அம்மாசி எழுந்து நாற்காலியை மோகனப்பிரியாவுக்கு விட்டார்.

"என் பாஸ்வேர்ட மாத்திட்டாங்க. ஆனா வெயிட் பிரிட்ஜுக்குன்னு தனியா ஒரு சாவி இருக்குங்க," என்றாள் அவள். "அதை மாத்தியிருக்க மாட்டாங்க. மாத்தினா ஒரு வண்டி நகராது. லேப் முடிவைப் பாக்காம கேட் பாஸ் வராதபடிதான் நான் எழுதியிருக்கேன்."

இரண்டு தடவை தப்பாக அடித்தாள். மூன்றாவது தடவை திரை நிறைய வரிகள் இறங்கின. எருமப்பட்டி ராஜம்மாள் பண்ணைக்குப் போன லோடு வந்தது. அதன் நேரே சிவப்பில் இருந்தது: பூஞ்சை நஞ்சு, அளவு மீறியது, அனுப்பக் கூடாது.

"அப்புறம் எப்படி வண்டி போச்சு?" என்று காளியப்பன் கேட்டார்.

"லேப் வேண்டாம்னு சொல்லியும் அனுப்பணும்னா, இதோ இந்தக் கைரேகை மெஷின்ல விரல் வெக்கணும் சார். ஒரே ஒருத்தர் விரலுக்குத்தான் அந்த அதிகாரம்."

அவள் அடுத்த வரிக்கு நகர்த்தினாள். நான் தீனதயாளன் பெயரை எதிர்பார்த்தேன். அவனைத் திட்டுவதற்கு வார்த்தைகள்கூட எடுத்து அடுக்கி வைத்திருந்தேன். திரையில் இருந்த பெயர் வெள்ளியங்கிரி.

தீனதயாளன்தான் உடைந்தார்.

"நான் வேண்டாம்னுதான் சொன்னேன் சார். ஈர மக்காச்சோளம் மொத்தமும் கீழ கொட்டணுமான்னு மாமாதான் விரல் வெச்சார். கோழி செத்ததும் டேட்டாபேஸை அழிச்சிடுன்னார். அழிச்சா ஆலை நின்னுடும்னு சொன்னேன். அப்ப அழிஞ்ச மாதிரி காட்டுன்னார். அந்தப் பொண்ணு பேரைச் சொன்னதும் அவர்தான்."

பெரியவர் கொஞ்சமும் பதறவில்லை. அதுதான் என்னை இன்றைக்கும் எரிய வைக்கிறது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, மோகனப்பிரியாவின் அருகே போய், பெற்ற மகளிடம் பேசுவதுபோலப் பேசினார்.

"சாமி, நீ ஒண்ணும் மனசுல வெச்சுக்காத. உன்னைய நானே ஜாமீன்ல எடுத்திருப்பேன். வக்கீல்கிட்டக்கூடச் சொல்லி வெச்சுட்டேன். கொஞ்ச நாள் ஊட்டுல இருந்துட்டு வந்தீன்னா, நல்ல எடமாப் பாத்துக் கல்யாணமும் நானே பண்ணி வெச்சிருப்பேன். ஆலைய நம்பி எத்தன குடும்பம் இருக்குது, சொல்லு? ஒருத்தர் கொஞ்சம் பொறுத்துக்கிட்டா எல்லாரும் பொழைக்கலாம்ல? நம்ம குடும்பத்து விசயம், நாமளே பேசி முடிச்சுக்கலாம். நான் சொன்னா நீ கேப்பீன்னுதான் உன்ற பேரச் சொன்னேன்."

சொன்னால் கேட்பாள் என்பதற்காகவே அவளைத் தேர்ந்தெடுத்திருக்கிறார். பேக்கப் வைத்தாள், பூட்டுப் போட்டாள், அவர் நம்பிக்கைக்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று ராகு காலம் பார்த்து நேரம் குறித்துக் கொடுத்தாள். அதற்கு அவர் கொடுத்த மரியாதை இது. எனக்குக் கை துறுதுறுத்தது. மேடம் என் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார்.

மோகனப்பிரியா நாற்காலியை விட்டு எழுந்தாள்.

"சார், இதை அப்படியே பிரின்ட் போட்டுத் தரேன். மேல் பகுதி கட் ஆகாம வரும். ராஜம்மாள் அக்காவுக்கும் ஒண்ணு வேணும்."

அம்மாசி சொல்லாமலே பிரின்டரில் தாளை அடுக்கினார்.

"அப்புறம், கம்ப்ளெயின்ட் நான் குடுக்கறேனுங்க."

"சாமி..." என்றார் வெள்ளியங்கிரி.

அவள் அவர் பக்கம் திரும்பவில்லை. காளியப்பன் தொண்டையைச் செருமிக்கொண்டு, பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்து வெயிட் பிரிட்ஜ் மேஜைமேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

"யார் மேலம்மா?"

"ரெண்டு பேர் மேலயுந்தானுங்க."

"யார் பேரை முதல்ல எழுதறது?"

"பெரியவர் பேரை முதல்ல எழுதுங்க சார்," என்றாள் மோகனப்பிரியா. "வயசுக்கு ஒரு மரியாத வேண்டாமுங்களா?"